தலைமாட்டில் இருந்த தண்ணீர்

2007-ஆம் ஆண்டு டிசம்பரில் எங்கள் தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். ஐராவதி டெல்டாவில் வயல் வேலை செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். பக்கத்துப் பர்மிய வீட்டுத் தூணில் சிவப்புத் துணி சுற்றித் தொங்கும் தேங்காயிலிருந்து இரவுதோறும் ஒரு கரிய உருவம் இறங்கி வந்து பையனின் நெஞ்சின்மேல் உட்காருகிறது. கடைசியில் போதகர் வந்து ஜெபிக்க, தேங்காய் வெடித்துச் சிதற, பிசாசு அலறிக்கொண்டு ஓடிப்போகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். வாசிக்கும்போதே மயிர்க்கூச்செறிந்தது என்றார் ஒரு பெரியவர். கிறிஸ்தவக் கதை இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அப்போது நானும் உளமார நம்பினேன்.

அதற்கடுத்த ஐந்தாம் மாதம், 2008 மே 2-ஆம் தேதி, நர்கீஸ் புயல் டெல்டாவில் கரையேறி, மறுநாள் விடிவதற்குள் யாங்கூனையும் அடித்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு நேர்ந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. எங்களுக்குப் போனவை கூரைத் தகரங்களும் ஒரு பக்கச் சுவரும்தாம். ஆனால் அம்மாவுக்கு அன்று கடுமையான காய்ச்சல். காற்று சற்றே தணிந்த ஓர் இடைவெளியில், சந்துக்கு எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டி கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “தமீ, அம்மாவைத் தூக்கிக்கொண்டு வா!” என்று கத்தினார். நாங்கள் அவரை அப்வா என்போம். மகளே என்று பொருள்படும் அந்தத் தமீ என்ற சொல்லால்தான் அவர் என்னைச் சிறுவயது முதல் கூப்பிடுவார். நானும் தம்பியும் அம்மாவைப் பாயோடு சேர்த்துத் தூக்கி, முறிந்து கிடந்த கிளைகளைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மாவைப் படுக்கவைத்த பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். என் தலைக்கு நேர்மேலே அந்தத் தேங்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

கதையில் வந்த தேங்காய் வேறெங்கிருந்தோ வந்ததன்று. அந்த வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டதுதான். மூங்கில் சட்டத்துக்குள், காம்பு ஒடியாமல், தலைப்பாகை கட்டியதுபோல் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. மடிப்புகளில் தூசி படிந்து, துணியின் ஓரம் இளஞ்சிவப்பாக வெளிறியிருந்தது. காற்று உள்ளே புகும்போதெல்லாம் அது மெல்ல ஆடியது. காம்பு விழுந்துவிட்டாலோ உள்ளே நீர் வற்றிவிட்டாலோ பழைய காயை இறக்கிவிட்டுப் புதியதைக் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எதற்காகத் தேங்காய் என்பதை மட்டும் அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையாவது நான் கேட்டிருக்கவில்லை. மழை விடாமல் பெய்த அந்தப் பகலில் அப்வா தாமாகவே சொன்னார்.

தகவுங் நாட்டு அரசன் காலத்தில் மௌங் திந் தே என்றொரு கொல்லன் இருந்தான். அவனுடைய வலிமையைக் கண்டு அஞ்சிய அரசன், அவன் தங்கையை மணந்துகொண்டு, அவளைக் கொண்டே அவனை நகருக்கு வரவழைத்து, செண்பக மரத்தில் கட்டி எரித்துக் கொன்றான். தங்கையும் அந்தத் தீயில் பாய்ந்தாள். இருவரும் நத்துகளாகி, அதாவது பர்மியர் வணங்கும் ஆவிகளாகி, போப்பா மலையில் குடியேறினார்கள் என்பது கதை. வெந்த உடம்புக்கு இளநீர் குளிர்ச்சி தரும் என்பதற்காகத்தான் வீட்டில் தேங்காய் கட்டுகிறோம் என்றார் அப்வா. நான் பேசாமல் இருந்தேன். அதிகாரத்தில் இருந்தவன் வஞ்சகமாக எரித்துக் கொன்ற ஒரு மனிதனின் தீப்புண் ஆறட்டும் என்று மக்கள் கட்டிவைத்த காய்க்குள்ளே நான் சாத்தானைக் குடிவைத்திருந்தேன். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு நடுகல் நாட்டிப் படையல் இட்டவர்கள் என் முன்னோர்களும்தான். மதுரைவீரன் கதையைக் கேட்டு வளர்ந்த என் கொள்ளுப்பாட்டிக்கு இந்தக் கொல்லன் கதை உடனே புரிந்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நத்துகளை வணங்குகிறவள் அல்லள். பிசாசு என்பது வெறும் உருவகம் என்று எண்ணுகிறவளும் அல்லள். பொல்லாத ஆவிகள் உண்டு என்று வேதம் சொல்வதை அப்படியே நம்புகிறேன். என்னை உறுத்தியது வேறு. ஜெப வல்லமையைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் மேல் பழி போட்டுவிட்டேன். அதைச் சபையார் எல்லாரும் ரசித்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் அது பழியாகப் படவில்லை. தீமையை அடுத்த வீட்டுத் தூணில் கட்டித் தொங்கவிட்டால் நம் வீட்டுக்குள் தேடவேண்டிய அவசியம் இல்லாமற்போகிறது. கிறிஸ்தவப் புனைகதை எங்கே வழி தவறுகிறது என்று யாராவது கேட்டால், பிசாசுக்குத் தரும் உருவத்தைவிட அவனுக்குத் தரும் முகவரியில்தான் முதலில் தவறுகிறது என்று சொல்வேன்.

பர்மிய வேதாகமத்தின் சொற்களையே இதற்குச் சாட்சியாக வைக்கலாம். 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அதோனிராம் ஜட்சன் வேதத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தபோது, சுவிசேஷங்களில் வரும் பேய்களுக்கு ‘நத் சோ’ என்று எழுதினார். சோ என்றால் கெட்ட. நத் என்ற சொல் பர்மியரின் காதில் தானாகக் கெட்டதாக ஒலிக்காது. தண்ணீர்த் திருவிழாவுக்கு மேலுலகிலிருந்து இறங்கி வந்து, நல்லவர் பெயரைப் பொன்னேட்டிலும் கெட்டவர் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிக்கொண்டு போகிற தஜாமினும் ஒரு நத்தான். ஆகவேதான் ‘கெட்ட’ என்ற அடைமொழி ஜட்சனுக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கவனமாகச் சேர்த்த அந்த ஓரசையை, இந்த மண்ணிலேயே பிறந்து பர்மிய மொழியைத் தமிழளவுக்குப் பேசும் நான் என் கதையில் விட்டுவிட்டேன். பிசாசுக்கு அவர் வைத்த சொல் இன்னும் ஆழமானது: மார் நத். போதி மரத்தடியில் புத்தரைச் சோதிக்க வந்த மாரனின் பெயர் அது. கோரைப்பல்லையும் கொம்பையும் முன்னே நிறுத்தாமல், ஆசை காட்டிச் சோதிக்கிறவன் என்பதையே அந்தச் சொல் முன்னே நிறுத்துகிறது. வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்தவரிடம், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும் என்று வந்து நின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை இந்நாட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

புயலுக்குப் பின் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அந்த இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பாவின் பழைய மோட்சப் பிரயாணத்தை மறுபடியும் எடுத்தேன். அதை எழுதிய ஜான் பன்யன் பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். இந்நூலின் முதற்பாகம் 1678-இல் வெளிவந்தது. ஜட்சனின் இரண்டாம் மனைவி சாரா இதைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். தமிழிலோ உரைநடை மொழிபெயர்ப்பு ஒருபுறமிருக்க, வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனைக் கற்ற நாவினால் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாகவே பாடி 1894-இல் வெளியிட்டார். சிறுவயதில் எங்களுக்கெல்லாம் பிடித்தது, கதைநாயகன் கிறிஸ்தியான் அப்பொல்லியோன் என்ற பிசாசோடு போடும் சண்டைதான். மீனைப்போல் செதில், வலுசர்ப்பத்தின் சிறகு, கரடியின் கால், வயிற்றிலிருந்து நெருப்பும் புகையும், சிங்கத்தின் வாய். அப்பா அந்த இடத்தை வாசிக்கும்போது தம்பி போர்வைக்குள் புகுந்துகொள்வான்.

இம்முறை என்னை நிறுத்தியது அதற்கடுத்த பள்ளத்தாக்கு. மரண நிழலின் பள்ளத்தாக்கில் கிறிஸ்தியான் இருளில் தடவித் தடவி நடக்கும்போது, பொல்லாதவன் ஒருவன் பின்னாலிருந்து ஓசைப்படாமல் நெருங்கி வந்து, தேவதூஷணமான வார்த்தைகளை அவன் காதில் கிசுகிசுக்கிறான். அவை தன் மனத்திலிருந்தே எழுந்தவை என்று கிறிஸ்தியான் நினைத்துக்கொள்கிறான். அப்பொல்லியோனோடு வாள்கொண்டு போராடியபோதுகூட அவனுக்கு அத்தனை வேதனை இல்லை. தான் நேசித்தவரையே தான் நிந்தித்துவிட்டோமே என்ற எண்ணம் அவனை அதைவிட வாட்டுகிறது. செதிலும் சிறகும் உள்ளவனைக் கண்டால் வாளை உருவலாம். என் குரலிலேயே என்னோடு பேசுகிறவனை எதைக்கொண்டு அடையாளம் காண்பது?

பெரிய எழுத்தாளர்கள் அனைவரும் இந்த இடத்தில்தான் கூடுகிறார்கள். 1667-இல் மில்டன் வெளியிட்ட பெருங்காப்பியத்தில் வானத்தையே எதிர்த்துப் படை நடத்திய சாத்தான், ஏதேன் தோட்டத்தில் ஒரு தேரையின் வடிவில் உறங்கும் ஏவாளின் காதருகே குந்தியிருக்கிறான். இத்தூரியேல் என்ற தூதன் ஈட்டி முனையால் தொட்டவுடன் சுயவடிவத்துக்குத் திரும்புகிறான். தாந்தேயின் நரகத்தின் அடியாழத்தில் தீயே இல்லை. மார்பளவு உறைபனியில் சிக்கி, மூன்று வாய்களால் மூன்று துரோகிகளை மென்றுகொண்டு நிற்கும் லூசிபர், வெளியேறத் துடித்துச் சிறகடிக்கிறான். அந்தச் சிறகுக் காற்றே பனியை மேலும் இறுகச் செய்கிறது. தீமையின் தன்மையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு படிமத்தை நான் வாசித்ததில்லை. 1942-இல் சி. எஸ். லூயிஸ் நூலாக்கிய முப்பத்தொரு கடிதங்களில் மூத்த பிசாசு தன் மருமகனுக்குக் கற்றுக்கொடுப்பது கொலையோ கொள்ளையோ அன்று: ஆலயத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பாதரட்சை கிரீச்சிடுவதைக் கவனிக்கச் செய், தாயாரின் சிறுசிறு பழக்கங்கள்மேல் எரிச்சலை வளர்த்துவிடு என்பதுதான். என் கதையில் வந்த பிசாசுக்குப் பக்கத்து வீட்டாரைப்பற்றி ஒன்றும் கிசுகிசுக்கவேண்டிய வேலையே இருக்கவில்லை. அந்த வேலையைக் கதையே செய்து முடித்துவிட்டது.

இன்னொரு தவறும் என் கதையில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. போதகர் வரும்வரை அந்த வீட்டில் தேவன் இல்லாததுபோலவும், ஜெபத்தின் பலத்தைப் பொறுத்தே வெற்றியும் தோல்வியும் என்பதுபோலவும் எழுதியிருந்தேன். இந்த வகை எழுத்துக்கு உலகெங்கும் பெருத்த வரவேற்பு உண்டு. ஃப்ராங்க் பெரெட்டி 1986-இல் எழுதிய நாவலில் ஒரு சிற்றூரின்மேல் தேவதூதரும் பேய்களும் வாளோடு மோதுகிறார்கள். விசுவாசிகள் ஜெபிக்க ஜெபிக்கத் தூதருக்குப் பலம் கூடுகிறது. அதை வாசித்துவிட்டு ஊக்கமாக ஜெபிக்கத் தொடங்கிய இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த நன்மையை மறுக்கமாட்டேன். தானியேல் பத்தாம் அதிகாரத்தில் பெர்சியாவின் அதிபதி இருபத்தொரு நாள் எதிர்த்து நின்றதாக ஒரு தூதனே சொல்வதால், அதற்கு வேத ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயினும் கயிறிழுப்புப் போட்டியில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பலம் என்ற எண்ணத்தை அப்படிப்பட்ட கதைகள் மனத்தில் விட்டுச்செல்கின்றன. அந்த எண்ணத்தில் இளமையில் ஒன்பது ஆண்டுகள் அகப்பட்டிருந்த அகஸ்தீன், நன்மையும் தீமையும் எதிரெதிரான இரு சக்திகள் என்று போதித்த மானிகேயரை விட்டு வெளியேறிய பிறகு, தீமைக்கென்று தனியான ஒரு பொருளே இல்லை, நன்மையின் குறைவே அது என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார்.

வேதத்தில் சாத்தான் வருகிற இடங்களை வரிசையாகப் பாருங்கள். யோபுவைத் தொட அவன் உத்தரவு பெறவேண்டியிருக்கிறது. அந்த உத்தரவுக்கும் எல்லை போடப்படுகிறது. லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பன்றிகளுக்குள் போவதற்கும் இயேசுவிடம் கெஞ்சுகிறது. கடைசி இராப்போஜனத்தில் இயேசு பேதுருவைப் பார்த்து, “சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்” என்கிறார். தமிழில் அந்தச் சுளகு என்ற சொல் வந்து விழுந்த இடத்தை நான் பலமுறை நினைத்து வியந்திருக்கிறேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது, இரண்டு தட்டு, ஒரு சுழற்று, மறுபடி இரண்டு தட்டு என்று ஒரு தாளம் இருக்கும். உமி காற்றில் பறக்கும், நொய் முன்விளிம்புக்கு நகரும், கல் தனியே ஒதுங்கும், நல்ல அரிசி அவர் பக்கமாகவே திரும்பி வரும். புடைக்கிறவன் சாத்தான்தான், அவனுடைய நோக்கமும் கேடுதான். என்றாலும் சுளகில் கிடக்கும் மணி அவனுடையதன்று. இந்த ஒரு வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பிசாசைப் பெரிதாக்கவும் தோன்றாது, இல்லை என்று ஒதுக்கவும் தோன்றாது.

உண்மையில் எழுதக் கடினமானது நன்மைதான். தீமைக்கு ஓசையும் நிறமும் தானாக வந்து அமைகின்றன. தூதர்களை எழுதத் தொடங்கினால் வெள்ளை உடை, ஒளிவட்டம், இறக்கை என்று ஆலயச் சுவர்ப்படம்தான் கையில் வருகிறது. அம்மா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். காவல் தூதனைக் காவல் சம்மனசு என்றே சொல்வார். இரவு விளக்கணைக்கும்போது, சம்மனசு பக்கத்திலே இருக்கு, தூங்கு என்று எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். அந்தச் சம்மனசுக்கு நாங்கள் முகமோ இறக்கையோ கற்பித்துக்கொண்டதில்லை. பக்கத்திலே என்பது போதுமாக இருந்தது.

பன்யனுக்கு இது தெரிந்திருக்கிறது. அப்பொல்லியோன் பறந்தோடிய பிறகு காயங்களோடு நிற்கும் கிறிஸ்தியானிடம் ஒரு கை மட்டும் வருகிறது. ஜீவவிருட்சத்தின் இலைகளைத் தருகிறது. அவற்றைக் காயங்களில் வைத்ததும் அவன் குணமாகிறான். யாருடைய கை என்று சொல்லப்படுவதில்லை. அதற்கு முன்பே வியாக்கியானியின் வீட்டில் இன்னொரு காட்சி இருக்கிறது: சுவரோரம் தீ எரிகிறது, ஒருவன் முன்னால் நின்று தண்ணீரை மேலும் மேலும் ஊற்றியும் தீ அணையாமல் உயர்ந்தெழுகிறது, சுவரின் மறுபுறம் போய்ப் பார்த்தால், வேறொருவர் எண்ணெய்ப் பாத்திரத்தோடு நின்று இரகசியமாக ஊற்றிக்கொண்டேயிருக்கிறார். தண்ணீர் ஊற்றுகிறவன் பிசாசு. எண்ணெய் ஊற்றுகிறவர் கிறிஸ்து. கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுவரின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

வேதத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான தூதன் எலியாவிடம் வந்தவன். யேசபேலுக்குத் தப்பி வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்துவிட்ட தீர்க்கதரிசியைத் தூதன் கண்டிப்பதில்லை, தரிசனம் காட்டுவதுமில்லை. தொட்டு எழுப்பி, எழுந்திருந்து சாப்பிடு என்கிறான். விழித்துப் பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்புகிறான்.

கதையை மறுபடி எழுத உட்கார்ந்தபோது இந்த அதிகாரத்தைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தேன். புதிய கதையில் தேங்காய் இருக்கிறது. வெறும் தேங்காயாக, ஒரு வீட்டாரின் பக்தியாக. பையனுடைய காய்ச்சல் காய்ச்சலாகவே இருக்கிறது. பிசாசும் இருக்கிறான், முன்னைவிட நிச்சயமாக இருக்கிறான். ஆனால் அவனுக்கு உருவம் கொடுக்கவில்லை. புயல் இரவில் எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போது பையனின் தகப்பனுடைய மனத்தில், அவர் தம் எண்ணம் என்றே நம்பிக்கொண்டிருக்கும் குரலில், ‘அந்த வீட்டுக்குள் போனால் சபையார் என்ன சொல்வார்கள்’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுகிறது. அந்த வாக்கியத்துக்காக அவர் வாசலில் நிற்கும் நேரத்தை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதை எழுதி முடிக்கும்போது என் கை நடுங்கியது, ஏனெனில் அப்வா கூப்பிட்டபோது நானும் அப்படி ஒரு கணம் நின்றேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அப்வாவிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவருடைய வீட்டு முன்கூடத்தில், அதே தூணின் கீழ் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் பார்த்துப் பர்மிய மொழியில் சொன்னேன். முதல் கதையைப் பற்றியும், அதில் தேங்காயை என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பையனின் தலைமாட்டில் பாட்டி ஒரு செம்புத் தண்ணீர் வைக்கும் இடம் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“தண்ணீர் மட்டும் இல்லை தமீ. பனைவெல்லம் இரண்டு கட்டி வைத்தேன். உன் அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு மற்றதை உன் தம்பிக்குக் கொடுத்தாள்.”

எனக்கு அது நினைவில்லை. தம்பியிடம் அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன், அவனுக்கு நினைவிருந்தது. செம்புக்குப் பக்கத்தில் இரண்டு கட்டி பனைவெல்லத்தைச் சேர்த்து எழுதினேன்.